சயானுக்குத் தெற்கே செவர்லே, வடக்கே டாட்ஜ்: ஆறு சிலிண்டர் எஞ்சின்களும் அவற்றைப் பிரித்துப் பூட்டியவர்களும்

சயான் என்பது ஆங்கிலேயர் நாவில் திரிந்த பெயர். மராத்தியில் அவ்விடம் 'ஷீவ்'. எல்லை என்பது பொருள். பம்பாய்த் தீவு முடிந்து சால்செட் நிலப்பகுதி தொடங்கும் ஓரம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் ஜொனதன் டங்கன் காலத்தில் அமைந்த கரைவழிச் சாலை சயானையும் குர்லாவையும் இணைத்தது. பின்னர் ஆக்ரா சாலை என்றும், இப்போது லால் பகதூர் சாஸ்திரி மார்க் என்றும் வழங்கும் பெருவழி சயானில்தான் தொடங்குகிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய தமிழர் பகுதிகளுக்கு நடுவே அமைந்த இச்சந்திப்பை மருத்துவமனை, கோட்டை, போக்குவரத்து நெரிசல் ஆகியவற்றின் வழியாகவே பலர் அறிவர். இந்திய மோட்டார் வரலாற்றிலும் அது ஓர் எல்லையாக இருந்தது என்பது அதிகம் பேசப்படாத செய்தி.

சயானுக்குத் தெற்கே, சில கிலோமீட்டர் தொலைவில், செவ்ரியில் ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் தன் தொழிற்கூடத்தைத் திறந்தது. பெட்டிகளில் வந்திறங்கிய செவர்லே உறுப்புகள் அங்கே கார்களாகவும் லாரிகளாகவும் பூட்டப்பட்டன. சயானுக்கு வடக்கே, அதே ஆக்ரா சாலையில், குர்லாவில் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் எழுந்தது. வால்சந்த் ஹீராசந்த் குழுமம் 1944இல் நிறுவிய அந்நிறுவனம், கிரைஸ்லரின் தொழில்நுட்ப உடன்பாட்டுடன் 1947இல் டாட்ஜ், டி சோட்டோ, பிளிமத் வண்டிகளை வெளியிடத் தொடங்கியது. செவ்ரியிலிருந்து வந்தவையும் குர்லாவிலிருந்து வந்தவையும் பெரும்பாலும் ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சின் கொண்டவை. ஆயினும் அவ்விரு எஞ்சின்களும் ஒன்றுக்கொன்று நேர்மாறான சிந்தனையில் பிறந்தவை. இன்றும் மும்பையின் பழைய கார் ஆர்வலர்கள் கூடுமிடங்களில் எழும் கேலிப்பேச்சின் வேர் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. அக்கேலியை வெறும் பொழுதுபோக்காக ஒதுக்கிவிடாமல் ஒரு வரலாற்று ஆவணமாக வாசிக்க இடமுண்டு.

முதலில் எஞ்சின்கள். செவர்லே 1929ஆம் ஆண்டு மாடலில் நான்கு சிலிண்டரைக் கைவிட்டு ஆறுக்கு மாறியது. நான்கின் விலையிலேயே ஆறு என்பது அதன் விளம்பரம். 194 கன அங்குலக் கொள்ளளவு. வால்வுகள் சிலிண்டருக்கு மேலே, தலைப்பகுதியில். அதில் பயன்பட்ட தடித்த தலைகொண்ட போல்ட்டுகள் அமெரிக்க வீட்டு அடுப்புகளில் இருந்தவற்றை ஒத்திருந்தமையால் 'அடுப்பு போல்ட்' என்ற கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது; பிற்காலத்தில் அதுவே பெருமைப் பெயரானது. 1937இல் வடிவம் மாறி 216.5 கன அங்குலமாயிற்று. கிரைஸ்லர் குடும்பத்து எஞ்சினோ பக்கவால்வு வகை. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கின் உள்ளேயே நிற்கும். மேலே இருப்பது இரும்பு மூடி ஒன்றுதான். பிளிமத் 1933இல் ஆறு சிலிண்டருக்கு வந்தது.

டாட்ஜ் எஞ்சினுக்குத் தலையில் ஒன்றுமில்லை என்று செவர்லேக்காரர் கேலி செய்வதன் பொருள் இப்போது விளங்கும். டாட்ஜ் தரப்பின் மறுமொழி, கரண்டியால் மொண்டு எண்ணெய் குடிக்கும் எஞ்சின் என்பது. அதுவும் உண்மையே. செவர்லேயில் இணைப்புத் தண்டுகளின் அடியில் சிறு அகப்பைகள் உண்டு. அவை ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய்த் தொட்டியில் முக்கியெழுந்து தம் பேரிங்குகளுக்குத் தாமே எண்ணெய் ஊட்டிக்கொள்ளும். கிரைஸ்லர் எஞ்சினில் பம்பு அழுத்தத்தால் எண்ணெய் எல்லா பேரிங்குகளுக்கும் செலுத்தப்பட்டது. பாடநூல் அளவுகோலில் பார்த்தால் ஒன்றில் வால்வு நவீனம், எண்ணெயோட்டம் பழமை. மற்றொன்றில் எண்ணெயோட்டம் நவீனம், வால்வு பழமை. இவ்வழக்கு தொண்ணூறு ஆண்டுகளாகத் தீராமலிருப்பதில் வியப்பில்லை.

இரு தரப்பாரும் ஒத்துக்கொள்ளும் ஒன்று உண்டு. வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டருக்கு இயல்பாகவே ஒரு சமநிலை இருக்கிறது. முதலாம் பிஸ்டனும் ஆறாம் பிஸ்டனும் சேர்ந்து ஏறி இறங்கும். இரண்டும் ஐந்தும் ஓர் இணை, மூன்றும் நான்கும் மற்றோர் இணை. முன்பாதியின் அசைவைப் பின்பாதி கண்ணாடிப் பிம்பமாக ஈடுசெய்துவிடுவதால், நான்கு சிலிண்டரில் உணரப்படும் நடுக்கம் இதில் பெரும்பாலும் இல்லை. 1-5-3-6-2-4 என்ற எரிப்பு வரிசை செவர்லேக்கும் டாட்ஜுக்கும் பொது. ஓடும் எஞ்சினின் மீது நாணயத்தை நிமிர்த்தி நிறுத்திக் காட்டும் வித்தை ஆர்வலர்களிடம் இன்றும் செல்லுபடியாகிறது.

இந்த எஞ்சின்கள் பம்பாய்க்கு வந்த வழியிலும் அரசியல் இருக்கிறது. இந்தியாவில் கார் செய்யும் தொழிற்சாலை வேண்டும் என்று 1930களில் எம். விஸ்வேஸ்வரய்யா திட்டம் தீட்டி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பயணம் செய்து, அதைப் பம்பாயில் அமைக்க முயன்றார். வால்சந்த் முதலில் போர்டு நிறுவனத்தை அணுகினார். இந்தியச் சந்தையின் உரிமை கனடா போர்டிடம் இருந்தமையால் அது கைகூடவில்லை. 1940இல் கிரைஸ்லருடன் உடன்பாடு கண்டபோது போர்க்காலக் காலனிய அரசு ஆதரவு தர மறுத்தது. விடுதலை ஆண்டில் குர்லாவிலிருந்து முதல் வண்டி வெளிவந்தபோது, தேசியத் தொழிலின் வெற்றியாகக் கொண்டாடத் தக்க அதன் முகப்பில் இருந்தது டெட்ராய்ட்டின் பெயர். பின்னாளில் விற்பனையான டாட்ஜ் கிங்ஸ்வே, டி சோட்டோ டிப்ளமேட் ஆகிய இரண்டும் பிளிமத்தின் உடலுக்கு வேறு பெயரும் வேறு முகப்பும் சூட்டிய ஏற்றுமதி மாடல்கள். மூன்று பெயர், ஒரே வண்டி என்ற கேலி அன்றே பொருத்தமானது.

கேலிப்பேச்சில் அடிக்கடி வரும் 'இருபத்து மூன்றா, இருபத்தைந்தா' என்ற கேள்விக்கும் பேரரசின் வணிக வரைபடமே காரணம். அமெரிக்காவில் வார்த்த பிளிமத், டாட்ஜ் எஞ்சின் தலை 23 அங்குல நீளம். கனடாவில் வார்த்தவை 25 அங்குலம். அமெரிக்க எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 3.25 அங்குலம், பிஸ்டன் வீச்சு 4.375, கனடிய எஞ்சினில் 3.375, 4.0625. கணக்கிட்டால் இரண்டும் ஏறத்தாழ 218 கன அங்குலம்! ஏட்டில் ஒன்றாகத் தோன்றுவதை நம்பி ஹெட் கேஸ்கெட் வாங்கி வந்தவர், அதைப் பிளாக்கின் மீது வைத்த பின்னரே இரண்டங்குலம் குறைவதைக் காண்பார். பிரிட்டிஷ் பேரரசின் சந்தைகளுக்குக் கனடாவிலிருந்து அனுப்புவது தீர்வைச் சலுகையால் இலாபமானது என்பதால் இருவகை எஞ்சின்களும் உலகின் பல மூலைகளில் கலந்துகிடந்தன. அளவுகோலைக் கையில் எடுக்காமல் உறுப்பு வாங்கக் கூடாது என்ற பாடம் இப்படி ஒரு சுங்கக் கொள்கையிலிருந்து பிறந்தது.

1953 ஒரு திருப்பம். உறுப்புகளை இறக்குமதி செய்து பூட்டுவதோடு நிற்கும் நிறுவனங்களுக்கு இடமில்லை. உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் உடையவை மட்டும் தொடரலாம் என்று தீர்வை ஆணையம் பரிந்துரைத்தது. போர்டு வெளியேறியது. செவ்ரிக் கூடத்தை ஜெனரல் மோட்டார்ஸ் 1954இல் மூடியது. அதே ஆண்டில் குர்லாவில் 1,089 சி.சி. கொண்ட நான்கு சிலிண்டர் ஃபியட் 1100 வந்தது. அதன் வழித்தோன்றலே பிற்காலப் பத்மினி. கல்கத்தாவின் அம்பாசடரும் நான்கு சிலிண்டரே. 1957, 58 ஆண்டுகளின் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் உதிரி உறுப்பு இறக்குமதியும் இறுகியது. ஆறு சிலிண்டர் என்பது பெரிய காரில் இருந்து மறைந்து லாரிக்கு இடம்பெயர்ந்தது. 1954இல் தொடங்கிய டாடா-மெர்சிடிஸ் லாரியின் எஞ்சின் ஆறு சிலிண்டர் டீசல். அதன் பிந்தைய வடிவங்களுக்குத் தொழிலில் வழங்கும் 692, 697 என்ற எண்களைப் பிரித்தால் ஆறு சிலிண்டர், 92 அல்லது 97 மில்லிமீட்டர் விட்டம் என்று வரும். லாரிப் பட்டறையில் எண் சொன்னாலே ரிங் எடுத்துத் தருவார்கள்.

தொழிற்சாலை போன பின்னும் வண்டிகள் போகவில்லை. இங்கிருந்துதான் பழுதுபார்ப்பின் வரலாறு தொடங்குகிறது. தொழில்துறை வரலாற்றாய்வுகள் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடுவது வருந்தத்தக்கது.

முன்பு சொன்ன கரண்டி எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். அதன் இணைப்புத் தண்டு பேரிங் கடையில் வாங்கிப் பொருத்தும் உறுப்பு அன்று. ஈய, வெள்ளீயக் கலவையான ஒயிட் மெட்டலைத் தண்டின் வாயிலேயே உருக்கி ஊற்றி, கடைந்து, பின் கையால் சுரண்டிப் பொருத்தமாக்குவது. தண்டுக்கும் அதன் மூடிக்கும் இடையே மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். தேய்மானம் கண்டு சத்தம் எழுந்தால், எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, வண்டிக்கடியில் படுத்தபடியே ஒரு ஷிம்மை உருவிவிட்டு மீண்டும் முடுக்கலாம். ஷிம் தீர்ந்துபோனால் ஊற்றுபவரிடம் செல்ல வேண்டும். கரி அடுப்பு, உருக்குச் சட்டி, லேத், நீல மை, சுரண்டு உளி ஆகியன போதும். கிரைஸ்லர் எஞ்சினிலோ பேரிங் மெல்லிய ஓடாக வார்க்கப்பட்டு வருவது. அமெரிக்கக் கணக்கில் இது முன்னேற்றம்: பழையதை எறிந்து புதியதைச் சொருகினால் வேலை முடிந்தது. ஆனால் புதியது கிடைக்க வேண்டும். கிராங்க் தேய்ந்திருந்தால் அந்தத் தேய்மானத்துக்கு ஏற்ற அளவிலும் கிடைக்க வேண்டும். கப்பல் வராத ஆண்டுகளில், பழமை என்று கேலி செய்யப்பட்ட செவர்லேயை ஒரு கரி அடுப்பு காப்பாற்றியது. நவீன டாட்ஜ் சரக்குப் பட்டியலுக்காகக் காத்திருந்தது. டாட்ஜுக்கும் ஓர் ஆறுதல் இருந்தது. குர்லாவில் தொடர்ந்து வெளிவந்த டாட்ஜ், பார்கோ லாரிகள் அதே பக்கவால்வுக் குடும்பத்து எஞ்சினைக் கொண்டிருந்தமையால், லாரிக் கடைகள் கார்களுக்கும் கைகொடுத்தன.

டாட்ஜின் வேறொரு நோய் புகழ்பெற்றது. பிளாக்கின் உள்ளே நீளவாட்டில் ஒரு தகட்டுக் குழாய் செருகப்பட்டிருக்கும். ரேடியேட்டர் நீரை ஒவ்வொரு வால்வின் பின்புறத்துக்கும் பங்கிடுவது அதன் வேலை. வெளியிலிருந்து அது கண்ணுக்குத் தெரியாது. துருப்பிடித்து உதிர்ந்தால் முன் சிலிண்டர்கள் குளிர்ந்திருக்க, ஐந்தாவதும் ஆறாவதும் வெந்துபோகும். வெப்பமானி சரியாகக் காட்டும். வால்வு மட்டும் எரியும். ரேடியேட்டரையும் தண்ணீர்ப் பம்பையும் கழற்றினால்தான் குழாயை உருவ முடியும். துரு பிடித்துக்கொண்டால் துண்டு துண்டாகத்தான் வரும். பித்தளைத் தகட்டை வளைத்துப் புதிய குழாய் செய்து செருகுவது பழுதுபார்ப்போர் கண்ட நிலையான தீர்வு. டெட்ராய்ட் பொறியாளர் தகட்டு இரும்பில் செய்ததைப் பட்டறைக்காரர் பித்தளையில் திருத்தினார் என்றால், அங்கே நடந்தது பழுதுபார்ப்பா, வடிவமைப்பா? டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட தொழில்நுட்ப வரலாற்று நூலில், புத்தாக்கத்தை மட்டும் வரலாறாக எழுதும் பழக்கத்தைச் சாடி, பராமரிப்பையும் கானாவின் குமாசி நகரப் பட்டறைகளையும் முன்னிறுத்தினார். குமாசிக்குக் கிடைத்த கவனம் குர்லாவுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

குர்லாவிலிருந்து கலினா நோக்கிச் செல்லும் சி.எஸ்.டி. சாலை பழைய கார் உறுப்புகளுக்குப் பெயர்பெற்றது. பெயரைக் கேட்டு ரயில் முனையத்தை நினைப்பவர் பலர். அது சென்ட்ரல் சால்செட் டிராம்வே என்பதன் சுருக்கம். டிராம்பேயிலிருந்து அந்தேரிக்கு 1928இல் திறக்கப்பட்டு 1934இல் மூடப்பட்ட ரயில்பாதையின் தடத்தில் அமைந்த சாலை அது. செவ்ரிக் கூடம் திறந்த அதே ஆண்டில் பிறந்து ஆறே ஆண்டில் மடிந்த இருப்புப்பாதையின் மேல், செத்த கார்களின் உறுப்புகள் மறுபிறவிக்குக் காத்திருக்கின்றன.

தமிழகத்தில் இவ்வரலாறு சற்று வேறாக நடந்தது. இங்கே சொந்தக் கையால் பழுதுபார்த்தல் என்றவுடன் நினைவுக்கு வருபவர் ஜி.டி. நாயுடு. உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு வெள்ளை அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பூட்டிக் கற்றவர். 1920இல் பொள்ளாச்சி-பழனி தடத்தில் ஒரே பஸ்ஸுடன் தொடங்கினார். மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸ் விற்பனை உரிமையோடு பஸ்களையும் ஓட்டியது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் அருகியபோது அந்நிறுவனம் செய்த கரிவாயுக் கலன்கள் தென்னிந்தியச் சாலைகளில் பஸ்களின் பின்புறம் புகைந்தன. கரியைக் குறைந்த காற்றில் எரித்து வரும் வாயுவைத் தூசி நீக்கி எஞ்சினுக்குள் செலுத்த வேண்டும். ஆற்றல் வெகுவாகக் குறையும். வடிகட்டி சரியில்லையேல் சாம்பல் உள்ளே சென்று ரிங்குகளை அரித்துவிடும். ஆகவே ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் எஞ்சினின் உட்புறம் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. சென்னையில் 1949இல் இந்தியா பிஸ்டன்ஸ் தோன்றியது. 1950களில் சிம்ப்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் பி6 டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தது. அதுவும் ஆறு சிலிண்டரே, 4.73 லிட்டர். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசலைப் பொருத்துவது அன்றைய லாரி, பஸ் முதலாளிகளின் பொதுவழக்காயிற்று. பெட்ரோல் குடிக்கும் பெரிய அமெரிக்கக் கார்களுக்கும் டீசல் எஞ்சின் ஏறியது. புரட்சிக்குப் பிந்தைய கியூபாவில் இதே காரணத்தால் இதே காரியம் நடந்ததைப் பலர் எழுதியுள்ளனர். இந்தியாவில் நடந்ததை எழுதியோர் சிலரே.

நாயுடு விதிவிலக்கு. அமெரிக்கக் கையேடுகளின் 'நீயே செய்துகொள்' என்ற வாசகம் முதலாளியின் கையையும் அறிவையும் ஒன்றாகக் கருதியது. பம்பாயில் காருக்குச் சொந்தக்காரர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர், கழற்றுபவர் ஒருவர். மூன்றாமவருக்கு அந்த ஆங்கிலக் கையேடு எட்டாத பொருள். உஸ்தாதின் அருகில் நின்று, விளக்குப் பிடித்து, பானா எடுத்துக்கொடுத்துக் கற்றார். பானா என்பது மராத்தியிலும் இந்தியிலும் ஸ்பேனர். தமிழகத்தின் திருப்புளி அங்கே பேச்கஸ். தமிழிலிருந்து பட்டறைக்குப் போன சிறுவன் கருவிகளின் பெயரை வேறு மொழியில் கற்றான். ஆகவே மும்பைத் தமிழில் இத்தொழிலின் சொற்கள் பெரும்பாலும் இரவல். ஒரே மனிதர் உரிமையாளராகவும் ஓட்டுநராகவும் பழுதுபார்ப்பவராகவும் இருந்த இடம் டாக்சித் தொழில். சொந்தமாக வண்டி வைத்து ஓட்டியவர், வண்டி நின்ற நாளில் வருமானமும் நின்றுபோகும் என்பதால், கார்புரேட்டரையும் வால்வு இடைவெளியையும் தாமே பார்த்துக்கொண்டார். கழகக் கூடுகைகளில் இன்று பெருமையாகப் பேசப்படும் 'சொந்தப் பழுதுபார்ப்பு' உண்மையில் அங்கிருந்து வந்த மரபு. கூடுகையின் கேலிகளில் கார் மாடல்களுக்குப் பெயர் உண்டு, உரிமையாளருக்குப் பெயர் உண்டு. பேரிங் ஊற்றியவர் எப்போதும் 'ஒரு மிஸ்திரி'தான். இந்த இடைவெளியை நிரப்பாமல் எழுதப்படும் மோட்டார் வரலாறு அரைகுறை.

காலம் நெருங்கிவிட்டது. குர்லா தொழிற்சாலை நிலத்தில் இப்போது நிற்பது கோகினூர் சிட்டி என்னும் அடுக்குமாடி வளாகம். கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது; இருபதாண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபர் 30 முதல் அவ்வகை டாக்சி சாலையில் இல்லை. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பிறகு, பழைய எஞ்சின் பம்புகளின் ரப்பர்ச் சவ்வும் கார்க் கேஸ்கெட்டும் என்னாகும் என்பது ஆர்வலர்களின் அன்றாட விவாதம். தாழ் அழுத்தத்தில் இயங்கும் அந்த ஆறு சிலிண்டர்கள் மட்டமான பெட்ரோலையும் செரித்தவை; புதிய பெட்ரோலால் அவற்றுக்கு வரும் தொல்லை குழாய்களிலும் ஒட்டுகளிலும்தான்.

இதனினும் பெரிய சிக்கல் ஆவணத்தில் இருக்கிறது. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதிகள் வகுத்தது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டணத்தில் பத்தாண்டுப் பதிவு. எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள். கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்ற நோக்கங்களுக்கு மட்டும் சாலைக்கு வரலாம். இது நல்ல தொடக்கம். ஆனால் வண்டி அசல் வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும், கணிசமான மாற்றம் பெற்றிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. உறைக்குள் வைத்துப் பூட்டப்பட்ட வண்டிக்கு இந்நிபந்தனை எளிது. இறக்குமதி நின்ற ஆண்டுகளில் உயிர்வாழ்வதற்காக எஞ்சின் மாற்றிக்கொண்ட வண்டிக்கு அப்படியில்லை. டீசல் பொருத்திய டாட்ஜ் கிங்ஸ்வே ஒன்றின் உரிமையாளர் அந்தப் பதிவை விரும்பினால், அவர் செய்யக்கூடியது சி.எஸ்.டி. சாலையிலோ வேறெங்கோ ஒரு பழைய பக்கவால்வு எஞ்சினைத் தேடிப் பிடித்து மீண்டும் ஏற்றுவது. அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு பட்டறையில், கியர்ப்பெட்டிக்கும் அந்நிய எஞ்சினுக்கும் இடையே யாரோ ஒருவர் அளந்து கடைந்த இணைப்புத் தகடும், அவர் புதிதாக வளைத்த தாங்கிகளும் அப்போது கழற்றப்பட்டு எடைக்குப் போகும்.